நேப்பியர் புல் தகராறு செய்கிறதா? யூரியாவைத் தொடுமுன் தண்டைப் பிளந்து பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் ஒரே ஒரு பசு வைத்திருப்பவர் வீட்டில்கூட இன்று சில தூர் கம்பு நேப்பியர் தீவனப்புல் நிற்கும். தென்னைக்கு நடுவில், ரப்பர் விளையின் ஓரத்தில், கழிவுநீர் ஓடும் ஓடையின் கரையில் என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் நட்டுவிடுகிறோம். பெரும்பாலும் கோ-4 அல்லது கோ-5. 2008-லும் 2012-லும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒட்டு ரகங்கள். புல் கொஞ்சம் சோர்ந்தால் முதலில் கை போவது யூரியா மூட்டைக்குத்தான். நோய் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி நோயே அல்ல, பருவம் தெரியாமல் செய்த வேலை என்பது என் கட்சி. புல் எந்தப் பருவத்தில் நிற்கிறது, அதன் உடலில் எந்தத் திசு முடங்கியிருக்கிறது என்ற இரண்டும் பிடிபட்டால் பாதிக் கோளாறுக்குக் காசு செலவே இல்லை.

கையில் இருக்க வேண்டியவை ஒரு புதிய பிளேடும் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸும். லென்ஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை. பிளேடு இல்லாமல் முடியாது.

முதலில் பருவத்தைக் கண்டுபிடியுங்கள்

தூரிலிருந்து எழும் தனித்தண்டான போத்துகளில் நன்றாக வளர்ந்த ஒன்றைத் தரையோடு பறித்து, அடியிலிருந்து நுனிவரை நெடுக்காகப் பிளந்துகொள்ளுங்கள். உள்ளே, குருத்திலைகள் சேரும் அடியில், வெண்மையாக ஊசிமுனை அளவுக்கு ஒரு கூம்பு தெரியும். அதுதான் வளர்நுனி. இலையும் கணுவும் பிற்பாடு கதிரும் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

அந்தக் கூம்பு தரைமட்டத்திலேயே இருந்து, அதன் கீழே கணுக்கள் அடுக்கடுக்காக நெருங்கியிருந்தால் புல் பக்கப்போத்துகள் விட்டுத் தூர் கட்டும் பருவத்தில் இருக்கிறது. கணுக்கள் விலகி, கூம்பு ஒரு சாண் மேலே ஏறியிருந்தால் கணு நீளும் பருவம். கூம்பு இருக்க வேண்டிய இடத்தில் மென்மயிர் போர்த்த சிறு கதிர் படுத்திருந்தால் பூப்பருவம் வந்தாயிற்று. வெளியில் நின்று உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இலையுறைகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றித் தண்டு போலவே நிற்கும்; இடுப்புயரப் புல்லில்கூட உண்மையான தண்டு இன்னும் பிறக்காமல் இருக்கலாம்.

நட்ட கரணை முளைக்கவில்லை

நல்ல ஈரத்தில் ஏழு முதல் பத்து நாளில் முளை தெரியும். இரண்டு வாரம் தாண்டியும் அசைவில்லை என்றால் நட்ட தண்டுத்துண்டான கரணை ஒன்றைத் தோண்டி எடுத்துக் கழுவிக் கணுவைப் பாருங்கள். பழைய இலையுறை ஒட்டியிருந்த தழும்பு, அதன் மேல் முளைவிடும் மொட்டான ஒரு பரு, கணுவைச் சுற்றி வளையமாகச் சிறு புள்ளிகள். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் வெளிவரக் காத்திருக்கும் ஒரு வேர்.

பருவை பிளேடால் நடுவே கீறுங்கள். உள்ளே வெண்மையாகவோ வெளிர்பச்சையாகவோ ஈரத்தோடு இருந்தால் உயிர் இருக்கிறது. மண்ணில் ஈரம் போதவில்லை அல்லது ஆழம் அதிகம். பழுப்பேறியிருந்தால் அந்தப் பருவை மறந்துவிடுங்கள். புள்ளிகளிலிருந்து வேர் இறங்கியிருந்தும் பரு மட்டும் தூங்கினால் கரணையின் நீளத்தைப் பாருங்கள். நான்கைந்து கணுவோடு நட்டால் மேல் பரு முளைத்துக் கீழ்ப் பருக்களை அடக்கிவைக்கும். இருபரு கரணை போதும் என்று சொல்வது அதனால்தான்.

வெட்டுவாய் செம்பழுப்பாகி, முகர்ந்தால் புளித்த வாடை வந்தால் அழுகல். ஆனி ஆடி மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்டவர்களுக்கு இது வழக்கமாக நேர்வது. தண்டின் நடுவில் இருப்பது மெல்லிய சுவருள்ள பாரன்கைமா திசு. அதில் சர்க்கரை நிறைந்திருக்கிறது. வெட்டுவாய் வழியே கிருமி நுழைந்தால் அங்கே தடுக்க ஆளில்லை. பாத்தியில் நடாமல் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் சாய்வாக நடுங்கள். பருவின் முனை மேல் நோக்கி இருக்க வேண்டும்.

கரணை எடுக்கும் இடமும் முக்கியம். தண்டின் நுனிப்பகுதி தண்ணீர் மட்டுமே நிறைந்தது, சேமிப்பு இல்லாதது. ஆறேழு மாதம் முற்றிய தண்டிலோ பருக்கள் பலதும் காய்ந்தோ ஏற்கனவே முளைத்தோ இருக்கும். மூன்று மாத அளவில் நிற்கும் தண்டின் நடுப்பகுதியைக் கேட்டு வாங்குங்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று யாரோ வரப்பில் அறுத்துப்போட்டதைப் பொறுக்கி வந்து நட்டால் அது இலவசத்துக்கு உரியபடிதான் முளைக்கும்.

முளைத்தது, மூன்றாம் வாரத்தில் வாடுகிறது

மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் வேரைக் கவனியுங்கள். கரணையின் கணுவிலிருந்து வந்த வேர்கள் மெல்லியவை, சில வாரமே வாழ்பவை. புதுப்போத்தின் அடிக்கணுவிலிருந்து தடித்த வெள்ளை வேர்கள் இறங்கிய பிறகுதான் செடி தன் காலில் நிற்கும். இடைப்பட்ட நாட்களில் அது கரணையின் சேமிப்பைத் தின்று காலம் தள்ளுகிறது. நம் மேட்டு நிலச் சரள் மண்ணில் மழை விட்ட இரண்டே நாளில் மேல்மண் உலர்ந்துவிடும். தடித்த வேர் இறங்க வழியில்லாமல் போகும். தண்ணீர் காட்டி, அடியில் மண் அணையுங்கள். இந்த நேரத்தில் யூரியா வைத்தால் மிச்சமிருக்கும் மெல்லிய வேரும் கருகும். கரணைக்குள் மண் நிரம்பிய குழல் தெரிந்தால் கறையான். அது வேறு வைத்தியம்.

தூர் கட்டவில்லை

ஒவ்வொரு இலையுறைக்கு உள்ளேயும் ஒரு பரு இருக்கிறது. அது எழுவதா உறங்குவதா என்பதை அடிப்பகுதியில் விழும் வெளிச்சம் பெரிதும் தீர்மானிக்கிறது. பச்சை இலைகளுக்குள் வடிந்து வரும் ஒளியில் சிவப்பு குறைந்துவிடும். மேலே போட்டிக்கு ஆள் இருக்கிறது என்று செடி புரிந்துகொண்டு, தூர் கட்டுவதை விட்டு உயரத்துக்கு ஓடும். ஒல்லியாக, நீண்டு, ஒற்றையாக நின்றால் நிழல்தான் காரணம்.

தென்னந்தோப்பில் மரத்தின் வயதைக் கேளுங்கள். சிறு மரங்களுக்கு இடையிலும், 25 ஆண்டு தாண்டி ஓங்கிய மரங்களுக்குக் கீழும் நேப்பியர் ஒருவாறு வரும். இடைப்பட்ட வயதில் ஓலைகள் தாழ்ந்து நெருங்கி நிற்கும். அங்கே கினியாப்புல் நடுங்கள், அது நிழலைப் பொறுத்துக்கொள்ளும். குலசேகரம் பக்கம் முற்றிய ரப்பருக்கு அடியில் எந்தத் தீவனப்புல்லையும் நம்ப வேண்டாம்.

வெயில் உள்ள இடத்திலும் முதல் அறுப்புக்கு முன் தூர் குறைவாகத்தான் இருக்கும். 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பைச் செய்தால் வெளிச்சம் அடிக்கு இறங்கி, உறங்கிய பருக்கள் எழும். செடிக்குச் செடி 60-க்கு 50 சென்டிமீட்டர் விட்டிருக்க வேண்டும்.

அறுத்த பின் துளிர் வரவில்லை

இந்தப் புகாரில் மட்டும் அவசரப்பட வேண்டாம். புல் வளர்வது நுனியில் மட்டும் அல்ல. ஒவ்வொரு இலையின் அடியிலும், ஒவ்வொரு கணுவிடையின் அடியிலும் இடை ஆக்குத்திசு என்ற மெல்லிய பட்டை இருக்கிறது. செல்கள் அங்கே பிரிந்துகொண்டே மேல்பகுதியைத் தள்ளுகின்றன. மாடு நுனியைக் கடித்தாலும் அரிவாள் பாதியை எடுத்தாலும் புல் மீண்டும் எழுவது இந்தப் பட்டையின் தயவில்.

அறுத்த மூன்றாம் நாள் காலையில் குனிந்து கட்டையைப் பாருங்கள். வெட்டுவாயின் நடுவிலிருந்து ஒரு இலைத்துண்டு விரல் நீளம் எழும்பியிருக்கும். அதன் நுனி கூராக இல்லாமல், அரிவாள் பட்ட அதே தட்டையான வெட்டோடு, ஓரம் லேசாகக் காய்ந்திருக்கும். அறுபட்ட இலையே அடியிலிருந்து தள்ளப்பட்டு மேலே வந்திருக்கிறது என்று பொருள். அந்தப் போத்தின் வளர்நுனி பிழைத்திருக்கிறது. சில நாளில் முழு இலை விரியும்.

நடு எழும்பவே இல்லையா? அப்படியென்றால் வளர்நுனி அரிவாளோடு போய்விட்டது. கணு நீண்ட பருவத்தில் அறுத்தால் இதுதான் நடக்கும், இதில் தவறொன்றும் இல்லை. இனி புதுத்துளிர் அடிக்கணுப் பருக்களிலிருந்து வரவேண்டும். அதற்கு ஒரு வாரம் கூடுதலாகும். அந்த நாட்களில் இலையே இல்லாத செடிக்குச் சோறு போடுவது கட்டையிலும் வேர்க்கட்டிலும் உள்ள சேமிப்புதான். தரையோடு மொட்டையடித்தவர்கள் பருவையும் சேமிப்பையும் சேர்த்தே மாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். முழங்கால் உயரத்துக்குக் கட்டை விட்டாலும் கோளாறுதான்: மேல்கணுவில் சோனியான துளிர்கள் வரும், வேர் அவற்றுக்குத் தனியாக இறங்காது, காற்றில் ஒடியும்.

இன்னொரு வகை உண்டு. அவசரத்துக்கு இருபத்தைந்து நாளிலேயே அறுப்பவர்கள். ஒருமுறை செய்தால் புல் தாங்கும். தொடர்ந்து செய்தால் சேமிப்பு நிரம்புவதற்குள் காலியாகி, துளிர் மெலிந்துகொண்டே போகும். முதல் அறுப்புக்குப் பின் 45 நாள் இடைவெளி என்ற பரிந்துரைக்குக் காரணம் இதுவே.

ஒவ்வொரு அறுப்புக்கும் பின் ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து என்பது கணக்கு; சென்டில் சொன்னால் ஏறக்குறைய 650 கிராம் யூரியா. அதைத் துளிர் கண்ட பின், ஈரம் உள்ள மண்ணில், கட்டைக்குள் விழாமல் தூவுங்கள். யூரியாவுக்கு உரிய இடம் இது.

இலை சுருண்டுகொள்கிறது

சுருண்ட இலையின் மேல்புறத்தை லென்ஸில் பாருங்கள். நரம்புகளுக்கு நடுவே கண்ணாடி போன்ற நீளக்கோடுகள் தெரியும். அவை புல்லிஃபார்ம் செல்கள்: புறத்தோலில் மற்றவற்றைவிடப் பெரியவை, சுவர் மெல்லியவை, உள்ளே தண்ணீர் மட்டும். நீர் குறையும்போது முதலில் இவை சுருங்கும். கதவுக் கீல் மடங்குவதுபோல் இலை மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும். வெயில் படும் பரப்பு குறையும், நீர் ஆவியாவது குறையும்.

எப்போது சுருள்கிறது என்பதைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். உச்சிவெயிலில் சுருண்டு மாலையில் விரிந்தால் கவலை இல்லை. விடியற்காலையிலும் சுருண்டே இருந்தால் வேருக்குத் தண்ணீர் இல்லை, அன்றே பாய்ச்சுங்கள். மண் சொதசொதவென்று இருந்தும் சுருண்டால் வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. ஒரு வேரை நகத்தால் உருவிப் பாருங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று நடுநார் மட்டும் கையில் நின்றால் அழுகல் உறுதி. வடிகால் வெட்டுங்கள். தண்ணீர் வடியவே வடியாத ஏலாவின் (நெல்வயல் பரப்பின்) ஓரம் என்றால் நேப்பியரோடு மல்லுக்கட்டாமல் எருமைப்புல்லுக்கு மாறுங்கள். அது சதுப்பிலேயே வாழப் பழகியது.

ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. முப்பந்தலில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் மேற்கே குலசேகரத்தில் மழை கொட்டும்போது கணவாய் வழியே உங்களுக்கு வருவது வறண்ட காற்று. மண்ணில் ஈரம் இருந்தும் இலை இழக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்காது. மேற்கு ஓரத்தில் அகத்தியோ கிளைரிசிடியாவோ வரிசையாக வைத்துக் காற்றைத் தடுங்கள், அதுவும் தீவனம்தான்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று முதலில் கேளுங்கள். அடியிலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக ஆப்பு வடிவில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. அடியிலையின் ஓரங்கள் மட்டும் தீய்ந்தால் சாம்பல்சத்துக் (பொட்டாஷ்) குறைவு. மழையில் கரைந்தோடும் நம் மேற்குத் தாலுக்காக்களில் இது அதிகம். அறுத்தெடுக்கும் ஒவ்வொரு கட்டோடும் சாம்பல்சத்து நிலத்தை விட்டுப் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தொழுவத்துச் சாணமும் கோமியமும் புல்லுக்கே திரும்பினால் பாதிக் கடன் தீரும்.

குருத்திலையில் பச்சை, மஞ்சள் கோடுகள் மாறிமாறித் தெரிந்தால் வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள். வெப்பமண்டலப் புல்லான இதில் ஒவ்வொரு நரம்பைச் சுற்றியும் பெரிய செல்கள் கற்றை உறையாக நிற்கின்றன. அவற்றிலும் பசுங்கணிகம் நிறைந்திருக்கும். கிரான்ஸ் அமைப்பு என்று பாடநூல் சொல்வது இதையே. கோடு இலை முழுநீளத்துக்கும் ஓடினால் இரும்புச்சத்து. சிப்பி கலந்த கடற்கரை மணலில் பார்க்கலாம். இலையின் அடிப்பாதியில் நடுநரம்பின் இருபுறமும் அகலமாக வெளுத்தால் துத்தநாகம். துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், இரும்பு சல்பேட் லிட்டருக்கு 10 கிராம் என்ற அளவில் தெளிக்கலாம். தெளித்த புல்லை உடனே மாட்டுக்கு அறுக்காதீர்கள்.

இலை ஊதா நிறமானால் மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறைவு. புளிப்பான செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மண் பரிசோதனை செய்து சுண்ணாம்பு இடுவதா என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் நட்டது சிவப்பு நேப்பியரா என்பதையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் நிறமே அதுதான்.

மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்குகிறது

மாட்டைத் திட்டாதீர்கள், அதற்குத் திசு தெரியும். தண்டைக் குறுக்காக மெல்லிய வட்டமாகச் சீவி லென்ஸில் பாருங்கள். வெளிவிளிம்பில் கடினமான வளையம், உள்ளே வெண்மையான சோற்றில் தூவியதுபோல் சிதறிய புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றும் நீரும் உணவும் ஓடும் ஒரு வாஸ்குலார் கற்றை. ஒவ்வொன்றையும் நாரான ஸ்கிளீரன்கைமா அணைத்திருக்கிறது. வயது ஏற ஏற இந்த நார்களிலும் நீர் ஏறும் குழாயான சைலத்திலும் கடினமாக்கும் லிக்னின் படியும், பிறகு வெள்ளைச் சோற்றின் செல்சுவர்களுக்கும் பரவும்.

மாட்டின் அசையூண் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் இலையிடைத் திசுவையும் உணவு ஓடும் குழாயான ஃபுளோயத்தையும் சீக்கிரம் கரைத்துவிடும். கற்றை உறையின் தடித்த சுவரைக் கரைக்க நேரமாகும். லிக்னின் ஏறிய சைலத்தையும் ஸ்கிளீரன்கைமாவையும் தொடவே முடியாது. சாணத்தில் நீளநீளமாகக் கிடக்கும் நார் அதுதான். எனவே அறுபது எழுபது நாள் நின்று ஆளுயரம் வளர்ந்த புல்லைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து பெருமைப்பட்டாலும், எடையில் பெரும்பங்கு நாரே. 

சோதனை எளிது. கீழிருந்து மூன்றாவது கணுவிடையின் நடுவில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். நகம் இறங்கிச் சாறு வந்தால் அறுக்கும் பருவம். நகம் வழுக்கினால் தாமதித்துவிட்டீர்கள். இயந்திரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக நறுக்கிப் போட்டால் ஒதுக்குவது குறையும், ஆனால் நறுக்கினால் லிக்னின் குறையாது. அடுத்த முறை 45 நாளில் அறுப்பதே வழி. சானலில் (கால்வாயில்) தண்ணீர் வரத்து நின்ற கோடையில் வளர்ச்சி மந்தமாகும். அப்போது நாளை எண்ணாமல் நகத்தை நம்புங்கள்.

இளம்புல் தின்ற மாட்டுக்கு உடம்பு சரியில்லை

முற்றக் கூடாது என்றதும் சிலர் மறுபக்கம் ஓடுவார்கள். இளந்துளிரில் ஆக்சலேட் அதிகம். அது மாட்டின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். நேப்பியரை மட்டுமே மாதக்கணக்கில் போடாமல் வைக்கோல், பயறுவகைத் தீவனமான வேலிமசால் அல்லது அகத்தி கலந்து, தாது உப்புக் கலவையும் கொடுங்கள். மூன்று வரிசை நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால் என்று ஊடுபயிராகவே நட்டுவிடலாம்.

நைட்ரேட் இதைவிட அபாயம். நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்து, யூரியா தாராளமாக வைத்து, வானம் மூடியிருக்கும் நாட்களில் வேர் உறிஞ்சும் நைட்ரேட்டை இலையால் புரதமாக்க முடியாமல் அது அடித்தண்டில் தங்கும். அந்த வாரம் அறுக்காதீர்கள். வேறு வழியில்லையென்றால் கட்டையை உயரமாக விட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்து வைக்கோலோடு கலந்து கொடுங்கள். வெயிலில் உலர்த்தினால் நைட்ரேட் போகாது. புல் தின்ற சில மணி நேரத்தில் மாடு மூச்சு வாங்கி, தள்ளாடி, ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறினால் கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் போடும் ஊசியால் பிழைக்கும், தாமதித்தால் பிழைக்காது.

காற்றில் சாய்ந்துவிட்டது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்து வாழையையும் ரப்பரையும் முறித்துப் போட்டது. மரம் முறிந்தால் முறிந்ததுதான். புல்லுக்கு அந்த விதி இல்லை. தண்டு ஒடியாமல் சாய்ந்திருந்தால் கணுவை ஒட்டிய இளந்திசு கீழ்ப்பக்கம் மட்டும் கூடுதலாக நீண்டு, சில நாளில் நுனியை மேலே திருப்பிவிடும். நிமிர்த்திக் கட்ட முயன்று முறித்துவிடாதீர்கள். அறுக்கும் நாள் நெருங்கியிருந்தால் அறுத்துவிடுங்கள். அடிக்கடி சாய்ந்தால் தழைச்சத்து அதிகம், மண் அணைப்பு குறைவு.

பூத்துவிட்டது

நேப்பியர் பகல் குறையும்போது பூக்கும் இனம். நம் ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வித்தியாசம். அதற்குள்ளும் ஐப்பசி தாண்டியதும் அறுக்காமல் விட்ட தூர்களில் கதிர் தெரியும். விதை சேகரிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கம்பின் 14 குரோமோசோமில் பாதியும் நேப்பியரின் 28-ல் பாதியும் சேர்ந்து ஒட்டுக்கு 21 வந்திருக்கிறது. ஒற்றைப்படை என்பதால் ஜோடி சேராமல் விதை மலடாகிறது. சந்தையில் கம்பு நேப்பியர் விதை என்று யாராவது பொட்டலம் நீட்டினால் நடையைக் கட்டுங்கள். பூத்ததை உடனே அறுத்தால் அடிப்பருக்கள் எழும்.

தூரின் நடு செத்து, ஓரம் மட்டும் துளிர்க்கிறது

மூன்று நான்கு ஆண்டு நின்ற தூரில் இது இயல்பு. பழைய கட்டைகள் நடுவில் மக்கி, புதுப்போத்துகள் வெளிவட்டத்தில் பிறக்கின்றன. மண்வெட்டியால் நடுக்கட்டையைப் பெயர்த்தெடுத்து அந்தக் குழியில் மக்கிய சாணம் நிரப்புங்கள். ஓரத்துப் போத்துகளை வேரோடு பிரித்துப் பக்கத்தில் நடலாம். கரணையைவிடச் சீக்கிரம் பிடிக்கும். ஏதாவது ஒரு தூர் மட்டும் அறுப்புக்குப் பின் சின்னஞ்சிறு மஞ்சள் இலைகளாகக் கொத்தாகத் துளிர்த்தால் அதிலிருந்து நடவுக்கு எதையும் எடுக்காதீர்கள். வேரோடு தோண்டி எரித்துவிட்டு, அரிவாளைக் கழுவிய பிறகு அடுத்த தூருக்குப் போங்கள்.